எந்த டெஸ்ட் என்று கேட்பதற்கு முன், இன்று எத்தனையாவது நாள்?

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்த அந்த இரவுக்குப் பிறகு நான் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்டுகள் மொத்தம் ஐந்து. 4-ஆம் நாள் ஒன்று, 9-ஆம் நாள் ஒன்று, 16-ஆம் நாள் வீட்டிலேயே ஒன்று, 24-ஆம் நாள் இன்னொன்று. நான்குமே நெகட்டிவ்தான். ஆனாலும் ஒன்றுகூட என்னைத் தூங்கவிடவில்லை. முதல் மூன்றுக்கு அர்த்தமே கிடையாது, நான்காவதற்கு அரைகுறை அர்த்தம். கடைசியாக எடுத்த ஐந்தாவதை மட்டும் எடுத்திருந்தாலே போதும். அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. எந்த டெஸ்டாலும் செய்ய முடியாத ஒரு காரியத்தைச் செய்துகொள்ள எனக்கு முதல் மூன்று நாள் கையில் இருந்தது. அது தெரியாமலே அந்த மூன்று நாளும் போய்விட்டது.

இப்படிப்பட்ட ஒரு உறவுக்குப் பின் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் முன்னால் வழிகள் நிறையவே இருக்கின்றன. உடனே மாத்திரை ஆரம்பிப்பதா, காத்திருந்து டெஸ்ட் எடுப்பதா? ரத்தம் எடுக்கும் லேப் டெஸ்டா, விரலில் குத்திச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேபிட்டா, வாயில் தடவி எடுக்கும் கிட்டா? வைரஸையே நேராகத் தேடும் பிசிஆர் டெஸ்ட் எடுத்தால் சீக்கிரம் தெரிந்துவிடுமாமே? அந்த நபரிடமே கேட்டுவிடலாமா? பொதுவாக எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஆகிறது என்பதே முக்கால்வாசி முடிவை எடுத்துவிடுகிறது. அதனால் முதல் வேலையாக ஒரு தாளில் தேதியையும் உத்தேச நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் இரண்டு நாள் ஐந்து நாளாகத் தோன்றும். நேரம் போய்விட்டது என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு.

முதலில், பயம் எவ்வளவுக்கு நியாயம்?

டெஸ்ட் எடுக்க ஓடுபவர்களில் பலருக்கு, நடந்த சம்பவத்தில் தொற்று பரவ வழியே இருந்திருக்காது. எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. கட்டிப்பிடிப்பது, கையால் தூண்டிவிடுவது, உடையோடு உரசுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, கொசுக்கடி, இதெல்லாம் கணக்கிலேயே சேராது. காண்டம் கடைசிவரை கிழியாமல், நழுவாமல் இருந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். வாய்வழி உறவில் அபாயம் மிக மிகக் குறைவு. வாயில் புண் இருந்து விந்தும் உள்ளே போயிருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்வது நல்லது.

காண்டம் இல்லாத உறவுக்கு எண்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. இருந்தும் சிகிச்சை எடுக்காத ஒருவரோடு 10,000 முறை உறவு நடந்தால் எத்தனை முறை தொற்றும் என்பதற்கு அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. பயன்படுத்தும் மதிப்பீடு இது: ஆசனவாய் வழி உறவில் உள்வாங்குபவருக்கு 138, செலுத்துபவருக்கு 11. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. ஒரு தடவையில் நிச்சயம் தொற்றிவிடும் என்று நினைத்து இரவெல்லாம் புரண்டவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்தால் மூச்சு திரும்பும். எனக்குத் திரும்பியது.

அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு "10,000-க்கு 4 தானே" என்று விட்டுவிடவும் கூடாது. அது சராசரி. எதிராளிக்குச் சமீபத்தில்தான் தொற்று ஏற்பட்டிருந்தால் அவர் ரத்தத்தில் வைரஸ் கொட்டிக்கிடக்கும், அப்போது அபாயம் பல மடங்கு ஏறும். இருவரில் ஒருவருக்குப் பால்வினை நோய்ப் புண் இருந்தாலும் ஏறும். இன்னொரு பக்கம், இந்த எண்களெல்லாம் எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். இருந்தும் அவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு (வைரல் லோட்) கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் உறவு மூலம் பரவாது. "குறைவாகப் பரவும்" என்று சொல்லவில்லை, பரவாது என்றுதான் சொல்கிறேன். பார்ட்னர் என்ற பெயரில் ஐரோப்பாவில் நடந்த ஆய்வின் முதல் கட்ட முடிவு 2016-லும் இரண்டாம் கட்டம் 2019-லும் வந்தன. காண்டம் இல்லாமல் பல்லாயிரக்கணக்கான முறை உறவு நடந்தும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து எடுக்கிறேன், வைரல் லோட் தெரியாத அளவில் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் அரண்டு ஓடுகிறார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று டெஸ்டே எடுக்காத ஒருவர் சொன்னால் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் முன்னவரோடு இருப்பதுதான் பாதுகாப்பு.

72 மணி நேரத்துக்குள் என்றால்: மாத்திரையா, காத்திருப்பா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை, உறவில் காண்டம் இல்லை அல்லது கிழிந்துவிட்டது, எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரியும் அல்லது இருக்க வாய்ப்புண்டு என்றால், எந்த டெஸ்ட் என்ற ஆராய்ச்சியை ஒத்திவைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொற்று வாய்ப்புக்குப் பின் எடுக்கும் தடுப்பு மருந்து ஒன்று இருக்கிறது. பெப் என்பார்கள்.

வைரஸ் உள்ளே நுழைந்த உடனே ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. முதலில் நுழைந்த இடத்துச் சளிச்சவ்வில் இருக்கும் செல்களில் தொற்றுகிறது. அங்கிருந்து பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய், பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் மருந்து உடலில் இருந்தால் வைரஸ் வேர் பிடிக்காமல் தடுக்கலாம். 72 மணி என்ற எல்லை அதனால் வந்தது. ஆனால் 72 என்பது கடைசி பஸ் கிளம்பும் நேரம், அதைப் பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஒவ்வொரு மணி நேரமும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைந்துகொண்டே போகும்.

நான் ஏறத்தாழ 60-ஆவது மணி நேரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்ப டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியாதுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் டெஸ்டைப் பற்றிக் கேட்டேன், அவர் டெஸ்டைப் பற்றிச் சொன்னார். மாத்திரை என்று ஒன்று இருப்பது 6-ஆம் நாள்தான் எனக்குத் தெரிய வந்தது. அதனால் சொல்கிறேன், அங்கே போய் "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "உறவு நடந்து இத்தனை மணி நேரம் ஆகிறது, பெப் வேண்டும்" என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் போனில் எழுதிக் காட்டுங்கள். ஒரு இடத்தில் புரியவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு அல்லது எச்.ஐ.வி. சிகிச்சை மையம் என்று அடுத்த இடத்துக்குப் போங்கள். வாதாடிக்கொண்டு நிற்க நேரமில்லை.

மருந்து 28 நாள். பெரும்பாலும் டெனோஃபோவிர், அதோடு லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், மூன்றாவதாக டோலுடெக்ராவிர் என்ற வகையில் கொடுப்பார்கள். ஆரம்பிக்கும்போது ஒரு எச்.ஐ.வி. டெஸ்ட், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட், ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுப்பார்கள். ஆனால் அந்த முடிவுகள் வரும்வரை முதல் டோஸைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் பி ஏன் என்று கேட்டால், டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கும். அது உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் 28 நாள் கழித்து மருந்தைத் திடீரென நிறுத்தும்போது கல்லீரல் பாதிக்கப்படலாம். குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு சிலருக்கு வரும், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அல்சருக்குக் குடிக்கும் ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் கெடுக்கும் என்பதால், இவற்றில் எதையாவது எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லி நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பெப் எடுக்கலாம். அந்த விவரத்தை மறைக்காமல் சொன்னால் போதும்.

இது வேலை செய்யுமா? பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டையும் கொடுத்து ஒப்பிடும் சோதனையை இதில் யாரும் நடத்த முடியாது, மனசாட்சி இடம் கொடுக்காது. ஆனால் எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி தவறுதலாகக் குத்திவிட்ட சுகாதாரப் பணியாளர்களை வைத்து 1997-ல் வெளிவந்த ஆய்வில், ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே தொற்றும் வாய்ப்பைச் சுமார் 81% குறைத்திருந்தது. இப்போது கொடுப்பது மூன்று மருந்து, அதுவும் அதைவிட நல்லவை. நடுவில் விட்டுவிடுவதுதான் இதில் பெரிய ஓட்டை. பத்துப் பன்னிரண்டு நாளில் பயம் தணிந்ததும் மாத்திரையும் மறந்துபோகும்.

அப்படியானால் எல்லோரும் எடுத்துவிடலாமா? என் அபிப்பிராயம், வேண்டாம். பரவ வழியே இல்லாத சம்பவத்துக்கு, பயத்தைத் தணிக்க 28 நாள் மருந்து சாப்பிடுவது தேவையில்லாத சுமை. எதிராளி சிகிச்சையில் இருக்கிறார், வைரல் லோட் தெரியாத அளவில் இருக்கிறது என்பது உறுதியானால் அதற்கும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறீர்கள் என்றால் முடிவை மருத்துவரிடம் விடுங்கள், ஆனால் 72 மணிக்குள் விடுங்கள். முதல் டோஸைப் போட்டுவிட்டு யோசிக்கலாம். தேவையில்லை என்று பிறகு தெரிந்தால், மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடலாம். போடாமல் விட்டதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் இருந்தால் அதற்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, ஐந்து நாள்வரை வழிகள் உண்டு. பலாத்காரம் நடந்திருந்தால் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையதே இல்லை. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பெப், கருத்தடை, பால்வினை நோய்க்கான மருந்து மூன்றையும் பார்த்துக்கொள்வது அவர்கள் கடமை.

டெஸ்டுகளில் எது எப்போது?

72 மணி தாண்டிவிட்டது. அல்லது பெப் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. இனி டெஸ்டுதான். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் விண்டோ பீரியட். தொற்று உள்ளே வந்த பிறகும் டெஸ்டில் தெரியாமல் இருக்கும் காலம் அது. முதல் பத்து நாள் அளவுக்கு உலகத்தில் இருக்கும் எந்த டெஸ்டிலும் தெரியாது. லேப் எவ்வளவு பெரியது, மெஷின் எவ்வளவு புதியது என்பதெல்லாம் இதில் செல்லாது. என் 4-ஆம் நாள் டெஸ்டும் 9-ஆம் நாள் டெஸ்டும் இதில்தான் சேர்த்தி. ஒரு விஷயத்துக்கு மட்டும் அவை உதவின. அந்த இரவுக்கு முன்பு எனக்கு எச்.ஐ.வி. இல்லை என்று காட்டின. நான் கேட்டது அது இல்லை.

ஒவ்வொரு டெஸ்டும் உடலில் வேறு வேறு பொருளைத் தேடுகிறது. பிசிஆர் வகை வைரஸின் மரபணுப் பொருளையே தேடும். நான்காம் தலைமுறை டெஸ்ட் வைரஸின் பி24 என்ற புரதத்தையும், அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும். மற்றவை ஆன்டிபாடியை மட்டும் தேடும். உள்ளே முதலில் தோன்றுவது வைரஸ், அடுத்து பி24, கடைசியில் ஆன்டிபாடி. டெஸ்டில் தெரிகிற வரிசையும் அதுதான்.

சி.டி.சி. சொல்லும் நாள் கணக்கு: பிசிஆர் வகைக்கு 10 முதல் 33 நாள். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்டுக்கு 18 முதல் 45 நாள். அதே வகையை விரலில் குத்தி ரேபிட்டாகப் பார்த்தால் 18 முதல் 90 நாள். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் ரேபிட்டுக்கும் பெரும்பாலான வீட்டு கிட்டுகளுக்கும் 23 முதல் 90 நாள். எல்லோரும் முதல் எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அது தொற்றுள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் தெரிய ஆரம்பிக்கும் நாள். நெகட்டிவை நம்ப வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. அந்த நாளுக்குள் ஏறக்குறைய எல்லோரிடமும் தெரிந்துவிடும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

என்னைக் கேட்டால், பெப் எடுக்காத பெரும்பாலானோருக்குச் சரியான தேர்வு 45 நாள் முடிந்தபின் நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்யும் ஒரே ஒரு நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட். அது நெகட்டிவ் என்றால் கதை முடிந்தது. பல இடங்களில் 90 நாளிலும் ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். எந்த வகை டெஸ்ட் செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியாதபோது அது நல்ல யோசனை. லேபில் "நான்காம் தலைமுறையா, ஆன்டிபாடி மட்டுமா" என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. 45 நாள் தாங்காது என்பவர்களுக்கு ஒரு சமரசம் உண்டு. நாலாவது வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம். அப்போது நெகட்டிவ் வந்தால் முக்கால் நிம்மதி, மீதிக் கால் 45-இல். அதற்கு முன் எடுப்பதெல்லாம் மனசுக்கு ஒரு மணி நேர ஆறுதல்தான். டெஸ்ட் எடுத்த அன்று மாலையே "இன்னும் சீக்கிரமாக எடுத்துவிட்டோமோ" என்று குடைய ஆரம்பிக்கும்.

பிசிஆர் சீக்கிரம் காட்டுமே, அதையே எடுத்தால் என்ன? சீக்கிரம் காட்டும்தான். ஆனால் செலவு அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது, அபூர்வமாகச் சிலருக்குப் பொய்யாகவும் காட்டி உயிரை எடுக்கும். அதோடு, அது நெகட்டிவ் வந்தாலும் பின்னால் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கத்தான் சொல்வார்கள். அபாயம் உண்மையிலேயே பெரியது, இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலும் வந்துவிட்டது என்ற நிலையில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். சும்மா அவசரத்துக்கு வேண்டாம்.

வீட்டு கிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் இருக்கிறது, அதாவது தனிமையில். யாருக்கும் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கலாம். வரிசையில் நிற்க வேண்டாம், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தை மறைக்க வேண்டாம். இந்த வசதி இல்லாவிட்டால் டெஸ்டே எடுக்காமல் போகிறவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சுய பரிசோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. ஆனால் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டையை வைத்துக்கொண்டு ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். அதில் சி என்ற இடத்தில் ஒரு கோடு வந்தால் டெஸ்ட் வேலை செய்தது என்று அர்த்தம். டி என்ற இடத்திலும் வந்தால் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்ற குறி. நான் சி கோடு வந்த பிறகும் டி பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போன் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளுத்ததெல்லாம் கோடாகத் தெரிந்தது. கிட்டோடு வந்த தாளில் எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டிப் பார்த்தால் காய்ந்த தடம் கோடு போலத் தெரியும், அதை எண்ணக் கூடாது. உரிய நேரத்துக்குள் டி பக்கம் கோடு வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ் என்றே எடுத்துக்கொண்டு டெஸ்ட் மையத்துக்குப் போக வேண்டும். சி கோடே வரவில்லை என்றால் கிட் செல்லாது, வேறு கிட் எடுக்க வேண்டும்.

வாயில் தடவி எடுக்கும் கிட் ரத்தக் கிட்டைவிட ஒரு படி கீழே. ஈறில் கசியும் திரவத்தில் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு, தெரியவும் தாமதமாகும். அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற முதல் வீட்டு கிட் இந்த வகைதான். பொதுமக்களே எடுத்துப் பார்த்த சோதனையில், தொற்றுள்ள பன்னிரண்டு பேரில் ஏறக்குறைய ஒருவரை அது தவறவிட்டது. தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் அது கெட்டி. ஊசியைக் கண்டாலே மயக்கம் வருபவர்களுக்கு இது ஒரு வழி, மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எச்சிலில் பரவாது என்றால் வாயில் எப்படி டெஸ்ட் என்று ஒரு நண்பர் கேட்டார், நல்ல கேள்விதான். அந்த கிட் வைரஸைத் தேடுவதில்லை, ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது.

பெப் எடுத்தவர்களுக்கு மேலே சொன்ன நாள் கணக்கு அப்படியே செல்லாது. மருந்து வைரஸை அடக்கி வைப்பதால் டெஸ்டில் தெரிவதும் தள்ளிப்போகலாம். மருந்து முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். மருந்து முடியும் சமயம் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று என்று பொதுவாகத் தேதி கொடுப்பார்கள். வீட்டு கிட்டை நம்பி இந்தக் கடைசி டெஸ்டை விட்டுவிடாதீர்கள்.

ரியாக்டிவ் வந்தால் எச்.ஐ.வி. என்று அர்த்தமா? இன்னும் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 10 பேருக்குத் தொற்று இருக்கிறது, டெஸ்ட் தொற்று இல்லாத 1,000 பேரில் 2 பேரை மட்டும் தப்பாக ரியாக்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் தப்பான ரியாக்டிவ் 20, நிஜமானது 10. மூன்றில் இரண்டு பேர் வீணாக இடிந்து போயிருப்பார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2019 முதல், வேறு வேறு டெஸ்டுகளில் அடுத்தடுத்து மூன்று முறை ரியாக்டிவ் வந்த பிறகே உறுதி செய்யச் சொல்கிறது. ஒற்றைக் கோட்டை வைத்து யாருக்கும் போன் போட்டு அழ வேண்டாம்.

இன்னொரு வழியும் சிலர் மனதில் இருக்கும்: ரத்ததானம் கொடுத்தால் அவர்களே டெஸ்ட் செய்து சொல்லிவிடுவார்களே! தயவுசெய்து வேண்டாம். விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் டெஸ்டில் தப்பிப்போய் வேறொருவர் உடம்பில் ஏறிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

அறிகுறியைப் பார்ப்பதா, அந்த நபரைக் கேட்பதா?

அறிகுறியை வைத்துத் தீர்மானிப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. தொற்றிய இரண்டு முதல் நாலு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. சாதாரண ஃப்ளூவிலும் இதெல்லாம் வரும். நான் நாளுக்கு நாற்பது தடவை கழுத்தைத் தடவி, தடவியதாலேயே அங்கே வலி வந்து, அந்த வலியை அறிகுறி என்று நினைத்தேன். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தால் யார் நாக்கும் வெள்ளையாகத்தான் தெரியும். அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போகலாம், வரவில்லை என்று டெஸ்டை விட்டுவிடக் கூடாது.

எதிராளியைக் கேட்பது பயனுள்ள வழி, அவர் தொடர்பில் இருந்து, கேட்பது உங்களுக்குப் பாதுகாப்பானதாகவும் இருந்தால். கேட்கும் விதம் முக்கியம். "உனக்கு ஏதாவது இருக்கா" என்று குற்றம்சாட்டும் குரலில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "நான் டெஸ்ட் எடுக்கப் போறேன், நீங்களும் வர்றீங்களா" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு நெகட்டிவ் வந்தால் அபாயம் வெகுவாகக் குறைகிறது, ஆனால் அவருக்கும் அதே விண்டோ பீரியட் இருக்கிறது. அவர் டெஸ்டால் உங்கள் டெஸ்டுக்கு விடுமுறை கிடைக்காது. பெப் எடுக்கலாமா என்று யோசிக்கும்போது அவர் சொல்லும் பதிலுக்கு மதிப்பு அதிகம், அதற்காகக் காத்திருந்து 72 மணியைத் தாண்டவிடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் வேறொருவரோடு, கணவனோ மனைவியோ ஆனாலும், காண்டம் இல்லாமல் உறவு வேண்டாம். தொற்று இருந்தால் இந்த ஆரம்ப வாரங்களில்தான் மிக எளிதாகப் பரவும். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. திடீரென்று காண்டத்துக்குக் காரணம் சொல்ல முடியாத வீடுகளும் இருக்கின்றன, சொன்னால் அடி விழும் வீடுகளும் இருக்கின்றன. டெஸ்ட் மையத்துக் கவுன்சலரிடம் இதை மனம் விட்டுப் பேசலாம். அவர்கள் வேலையில் பாதி அதுதான்.

எச்.ஐ.வி. மட்டும்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்களெல்லாம் எச்.ஐ.வி.யைவிட எளிதாகத் தொற்றும், அறிகுறியே இல்லாமலும் இருக்கும். முதல் இரண்டுக்கும் இரண்டு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கலாம், சிபிலிஸுக்கு மூன்று மாதம் முடிந்தபின் ஒரு டெஸ்ட் வேண்டும். மூன்றும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. பயத்தில் இவற்றை மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்து அவஸ்தைப்படுபவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உறுதியான பாசிட்டிவ் வந்தால் உடனே சிகிச்சை, முடிந்தால் அன்றைக்கே. தினமும் ஒரு மாத்திரை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் எடுப்பவர்கள் மற்றவர்களுக்கு நிகரான ஆயுளோடு வாழ்கிறார்கள். இதே மாதிரி பயம் உங்களுக்கு அடிக்கடி வருகிறது என்றால் ஒவ்வொரு தடவையும் பெப் தேடி ஓடுவதைவிட, முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். தினசரி மாத்திரையாகவும், இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசியாகவும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான லெனகாபவிருக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

கெடு முடிந்து சரியான டெஸ்டில் நெகட்டிவ் வந்த பிறகும் நம்ப முடியாமல் ஆறாவது, ஏழாவது டெஸ்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்து வேண்டியது இன்னொரு டெஸ்ட் இல்லை, மனநல மருத்துவர். அந்தப் பயமும் ஒரு நோய்தான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

என் ஐந்தாவது டெஸ்ட் 46-ஆம் நாள், வேறொரு மையத்தில். ரத்தம் எடுத்த அம்மா சீட்டை நீட்டி, "நான்-ரியாக்டிவ்", அதாவது தொற்று இல்லை என்ற வார்த்தைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். "ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி அங்கேயே முதல் ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் ஒரு தேதியும் ஆறாவது மாதத்தில் ஒரு தேதியும் அதே சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.